பதினொன்று பத்து

பதினொன்று பத்துக்கு
ஆரஞ்சுக் குடையொன்று எங்கள் மேட்டில் ஏறும்.
பின்னால் இருபது பேர்.
தொப்பி, தண்ணீர் பாட்டில், மூச்சிரைப்பு.
பலாட்டின் இந்தச் சரிவை
முதன்முதல் ஏறுகிறவர்களுக்கெல்லாம்
ஒரே முகம்தான், எந்த நாடானாலும்.

என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்பார்கள்.
தோல்கா என்கிற அந்தப் பையன்
இடுப்பிலிருக்கும் ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
என் வீட்டைக் காட்டிக் கை நீட்டுவான்.
இருபது கழுத்தும் நிமிரும்.
எனக்கும் எதிர்வீட்டுச் சுக்ரியேவுக்கும் நடுவே
கொடியில் என் கணவரின் உள்பனியன்,
மீன்கடையில் அவர் கட்டும் ரப்பர் அங்கி.
கிளிக். கிளிக்.
எந்தெந்த ஊர் வரவேற்பறைகளிலோ
எங்கள் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

கயிற்றில் கூடை இறக்கினால் இன்னும் விசேஷம்.
ரிஃப்கி கடையிலிருந்து இரண்டு ரொட்டி, ஒரு தீப்பெட்டி,
பாக்கிச் சில்லறை.
கூடை மேலேறும்போது கைதட்டுகிறார்கள்.
முப்பத்தொரு வருஷமாக ரொட்டி வாங்குகிறேன்,
இதற்கு முன்னால் ஒருவர் தட்டியதில்லை.

அப்படி என்னதான் சொல்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை துருக்கியில் பேசும் கூட்டம் வந்தது.
அடுப்பை அணைத்தேன். செருப்பு மாற்றினேன்.
என் வீட்டு வாசலிலேயே
கடைசி ஆளாய்ப் போய் நின்று
மற்றவர்களோடு அண்ணாந்து பார்த்தேன்.

"இங்கே நிசிம் என்றொரு கடிகாரக்காரர் இருந்தார்.
ஊரைவிட்டுக் கப்பலேறும் காலையில்
சுவரிலிருந்த எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்தார்.
ஆளில்லாத வீடு
எட்டு நாள் ஓடிக்கொண்டிருந்தது."

பக்கத்தில் நின்ற பெண் ஐயோ என்றாள்.
எனக்கு அலமாரிக்குப் பின்னாலிருக்கும் சுவர் ஞாபகம் வந்தது.
குடிவந்த புதிதில் ஏழு ஆணித்துளை.
பற்பசை வைத்து அடைத்தோம்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன், உண்மையா தம்பி?
குடையை மடக்கிக்கொண்டே சொன்னான்:
"போன கோடையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் சொன்னதக்கா.
இந்த வீடா, அடுத்த வீடா,
அவருக்கே நிச்சயமில்லை.
உங்கள் வாசலில்தான் நிற்க நிழல் இருக்கிறது."

அன்றிரவு அலமாரியை நகர்த்தவில்லை.

திங்களன்று, குடையும் கூட்டமும் இல்லாமல்
ஹாலிச்சைக் கடக்கும் படகில் ஏறினேன்.
எதிர்க்கரை ஹஸ்கோய்,
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடம்.
தெரிகிற இடத்துக்கு யார் போகிறார்கள்?

இறங்கியதும் திரும்பிப் பார்த்தேன்.
குன்றின்மேல் சிவப்புப் பள்ளிக்கூடம் பெரிதாய் இருந்தது.
அதற்குக் கீழே நாலாவது வரிசையில் என் வீடு.
எண்ணினேன், தவறியது.
மறுபடி எண்ணினேன்.
எல்லா வீட்டிலும் வெள்ளையாய் ஏதோ காய்ந்தது.

பிறகு நடந்தேன்.
முதல் திருப்பத்தில் பூனை போன பக்கம்.
அடுத்ததில் எங்கேயோ வெங்காயம் வதங்கிய பக்கம்.
மூன்றாவதில் பாதை முடிந்து ஒரு டயர் கடை.
கடைக்காரர் என்ன வேண்டும் என்றார்.
பார்க்க வந்தேன் என்றேன்.
எதை என்று அவரும் ஒருமுறை
தன் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்பால் ஒரு சந்து.
தலைக்குமேல் கொடி.
மூன்று பள்ளிச் சட்டை, ஒன்றில் பொத்தான் இல்லை,
முழங்கை தேய்ந்த காவலாளிச் சீருடை,
ஓரத்தில் ஓர் உள்பனியன்.
இரவு வேலைக்காரர், இப்போது தூங்குவார்,
கடைசிப் பையன் முரடன்...
வாசித்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ.

மாடியில் ஜன்னல் திறந்தது.
என் வயசுதான் இருக்கும்.
"யாரைத் தேடுறீங்க?"

"யாரையுமில்லை. சும்மா நடக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள்,
தெருக்கோடி வரை பார்த்தாள், என் பின்னால் வேறு யாராவது உண்டா என்று.
பிறகு கொடியை இழுத்தாள்.
கப்பி கிறீச்சிட்டது.
முதலில் உள்ளே போனது
அந்த உள்பனியன்.